தோலும் கத்தியும் – 14: ஆடுசதையிலிருந்து குதிகாலுக்கு

1973-இல் மெல்பர்னில் இயன் டெய்லரும் ரோலின் டேனியலும் தொடை இடுக்கிலிருந்து ஒரு துண்டுத் தோலை எடுத்தார்கள். அதன் ரத்தக்குழாய்களைக் காலின் குழாய்களோடு நுண்ணோக்கியின் கீழ் தைத்து அதைப் பிழைக்க வைத்தார்கள். சென்ற இதழில் கதையை அங்கே நிறுத்தியிருந்தோம். அத்தோடு காலில் வரும் பெரிய புண்களின் பிரச்சினை தீர்ந்தது என்று வாசகர்களுக்குத் தோன்றியிருக்கலாம். பாடநூல்களைப் புரட்டினாலும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்த நுண்ணோக்கி எத்தனை ஆஸ்பத்திரிகளில் இருந்தது? முடியைவிட மெல்லிய நூலால் குழாய் தைக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? ஒரே நோயாளிக்காக ஆபரேஷன் தியேட்டரை ராத்திரி முழுக்க ஒதுக்கி வைப்பது எந்த அரசு ஆஸ்பத்திரிக்குக் கட்டுப்படியாகும்? தைத்த குழாய் அடைத்துக்கொண்டால் விடிகாலையில் மறுபடி திறந்து பார்க்கவும் ஆள் வேண்டும். இத்தனை வசதியும் இல்லாத இடங்களில் அதே புண்களை என்ன செய்தார்கள் என்பதுதான் இந்த வாரக் கதை.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதியை மூன்று பங்காகப் பிரித்துப் பேசுவது சர்ஜன்களின் வழக்கம். மேல்பங்கில் எலும்பு வெளியே தெரிந்தால் ஆடுசதையின் மேல்தசையை ஒருபுறம் விடுவித்துத் திருப்பி மூடலாம். நடுப்பங்கு என்றால் அதற்கு அடியில் சோலியஸ் என்ற தட்டைத் தசை இருக்கிறது. இந்த வழியை 1960-களில் கேப் டவுனில் ரால்ஃப் கெர் என்பவர் திறந்துவைத்தார். கீழ்ப்பங்குக்கு வந்தால் கையை விரிக்க வேண்டியதுதான். தசையெல்லாம் அங்கே நாணாக மெலிந்துவிடும். முன்பக்கம் தோல், அதற்கடியில் உடனே எலும்பு. பின்பக்கம் தோல், அதற்கடியில் உடனே குதிகால் நாண். கணுக்காலின் இரு பக்கமும் இதே கதைதான்.

‘தொடையில் தோல் எடுத்து வைத்துவிடலாமே’ என்று உறவினர்கள் கேட்பார்கள். சீவி எடுத்த தோலுக்குச் சொந்த ரத்த ஓட்டம் கிடையாது. முதல் இரண்டு நாள் புண்ணின் ஈரத்தைக் குடித்துத் தாக்குப்பிடிக்கும். அதற்குள் அடியிலிருந்து நுண்குழாய்கள் முளைத்து ஏறி வந்தால் பிழைக்கும், வராவிட்டால் கருகி உதிரும். மேலுறை உரிந்த எலும்பிலும் மேலுறை போன நாணிலும் எதுவும் முளைத்து வராது. இங்கே தேவைப்படுவது தன் ரத்தத்தைத் தானே கொண்டு வரும் தோல். உடம்போடு ஒரு பக்கம் தொடர்பு அறாமல் இருந்து, மறுமுனை மட்டும் நகர்ந்து போய் உட்காரும் தோல். ஃபிளாப் என்பது அதுதான். தமிழில் மடல் என்று சொல்வதுண்டு.

இந்தக் கீழ்ப்பங்குக் காயம் அபூர்வமானதல்ல. டூவீலர் ஓடும் எந்த நாட்டிலும் அவசரச் சிகிச்சைப் பிரிவில் நின்று பார்த்தால் தெரியும். கார் பம்பரும் சைலன்சரும் சாலையோரக் கல்லும் கை வைக்கும் இடம் அதுதான். பின்சீட்டில் உட்கார்ந்த குழந்தையின் கால் ஸ்போக்ஸ் கம்பிக்குள் போனால், குதிகாலின் பின்புறத் தோல் நாண் வரைக்கும் உரிந்து வந்துவிடும். அதற்கு மேல் சர்க்கரை நோயாளிகளின் குதிகால் புண், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் அழுத்தப் புண். எலும்பு முறிந்து, மூடத் தோலும் இல்லாமல் திறந்து கிடக்கும் காயத்துக்கு ராமோன் குஸ்டிலோவும் கூட்டாளிகளும் 1984-இல் திருத்தி வெளியிட்ட வகைப்பாட்டில் ‘3-பி’ என்று பெயர். எலும்பு டாக்டர் போனில் ‘த்ரீ-பி வந்திருக்கு’ என்றால் பிளாஸ்டிக் சர்ஜன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

நுண்ணோக்கிக்கு முன்னால் இதற்கு ஒரே ஒரு நம்பகமான வழிதான் இருந்தது. அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஃபிராங்க் ஹாமில்டன் 1854-இல் எழுதி வைத்த வழி அது. காயம்பட்ட காலுக்குத் தோல் கொடுக்க அதே ஆளின் நல்ல காலை அழைப்பது. நல்ல காலின் ஆடுசதையில் மூன்று பக்கம் வெட்டித் தோலைக் கதவு போலத் திறப்பார்கள். அதைக் காயத்தின் மேல் வைத்துத் தைத்து, இரண்டு கால்களையும் ஒன்றோடொன்று கட்டி மாவுக்கட்டுப் போட்டுவிடுவார்கள். அப்படியே சுமார் மூன்று வாரம். புதிய இடத்திலிருந்து தோலுக்குள் ரத்தம் பாயத் தொடங்கிய பிறகுதான் பழைய இணைப்பை அறுத்து விடுவிக்க முடியும்.

அந்த மூன்று வாரத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். திரும்பிப் படுக்க முடியாது. பெட்பானில் உட்காருவதே ஒரு வித்தை. வெயில் காலத்தில் மாவுக்கட்டுக்குள் வியர்வையும் சீழும் சேர்ந்து நாறும். கட்டை அவிழ்த்த பிறகு முழங்கால் மடங்க மறுக்கும், இடுப்பு மூட்டு பிடித்துக்கொள்ளும். வயதானவருக்குக் காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்கு ஏறும் ஆபத்து வேறு. அப்படியும் இந்த முறை நூறு ஆண்டுக்கு மேல் வாழ்ந்தது. வேறு வழியில்லாத இடங்களில் இன்றும் செய்கிறார்கள். பழைய முறை என்று அதை இளக்காரமாகப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வெட்டியெறிய வேண்டிய எத்தனையோ கால்களை அது காப்பாற்றியிருக்கிறது.

பக்கத்திலேயே அதே காலில் தோல் இருக்கும்போது எதற்காக அடுத்த காலுக்குப் போனார்கள்? அன்றைய விதி அப்படி. காலில் மடல் எடுத்தால் அதன் நீளம் அடி அகலத்தைத் தாண்டக்கூடாது. ஐந்து சென்டிமீட்டர் அகலம் என்றால் நீளமும் ஐந்துதான். மீறினால் நுனி கறுக்கும். முகத்தில் இதைவிடப் பல மடங்கு நீளமாக எடுக்கலாம், அங்கே ரத்த ஓட்டம் தாராளம். கால் கஞ்சத்தனமானது என்று எல்லோரும் நம்பினார்கள். அனுபவமும் அதைத்தான் சொன்னது. சதுரத் துண்டை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடியும்?

அந்த நம்பிக்கையை உடைக்கத் தேவையான தகவல் ஏற்கெனவே அச்சில் இருந்தது என்பதுதான் வேடிக்கை. 1889-இல், அப்போது ஜெர்மனியின் கையில் இருந்த ஸ்ட்ராஸ்பர்க்கில், கார்ல் மான்ஷோ என்ற மருத்துவ மாணவர் மனித உடம்பின் தோல் தமனிகளை ஒவ்வொன்றாக அறுத்துத் தேடி வரைந்து ஒரு நூல் வெளியிட்டார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கவே இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தன. முழுக்க முழுக்கக் கத்தியும் கண்ணும்தான். 1936-இல் பிரான்சின் மார்செய் நகரில் மிஷேல் சால்மோன் அதே வேலையை எக்ஸ்ரே துணையோடு இன்னும் நுணுக்கமாகச் செய்தார். முன்னவர் எழுதியது ஜெர்மன், பின்னவர் எழுதியது பிரெஞ்சு. அறுவை மருத்துவ உலகம் அதற்குள் ஆங்கிலத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. மான்ஷோ ஆங்கிலத்தில் வந்தது 1983-இல், சால்மோன் 1988-இல். அதற்குள் பலர் அதே ரத்தக்குழாய்களைப் புதிதாகக் கண்டுபிடித்து முடித்துவிட்டார்கள்.

அவர்களில் முதலில் நிறுத்த வேண்டியவர் ஸ்வீடனைச் சேர்ந்த பெங்ட் பொன்டேன். 1981-இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் பிளாஸ்டிக் சர்ஜரியில் அவர் எழுதிய கட்டுரை ஆறே பக்கம். ஆட்டுக்கறி வாங்கும்போது தசையின் மேல் பளபளவென்று ஒட்டியிருக்கும் வெள்ளைச் சவ்வைப் பார்த்திருப்பீர்கள். நம் ஆடுசதையையும் அப்படியொரு சவ்வு இறுக்கிப் போர்த்தியிருக்கிறது. டாக்டர்கள் அதை ஃபேசியா என்பார்கள். அதுவரை சர்ஜன்கள் தோலையும் கொழுப்பையும் மட்டும் தூக்கிவிட்டுச் சவ்வைத் தசையோடு விட்டுவிடுவார்கள். பொன்டேன் அதையும் சேர்த்துத் தூக்கினார். 23 மடல்கள். அகலத்தைப் போல் இரண்டரை, மூன்று மடங்கு நீளம். பெரும்பாலும் பிழைத்தன. அவற்றுக்கு ‘சூப்பர் ஃபிளாப்’ என்று பெயர் வைத்ததைக் கொஞ்சம் மன்னித்துவிடலாம். கண்ணால் பார்த்தவருக்கு அப்படித்தான் சொல்லத் தோன்றியிருக்கும்.

புதிய கருவி எதுவும் இல்லை, புதிய மருந்து இல்லை. கத்தியை ஒரே ஒரு படலம் கீழே இறக்கினார், அவ்வளவுதான். ஏன் பலித்தது என்பதை அதே ஆண்டில் சடலங்களை ஆராய்ந்த பீட்டர் ஹார்ட்சும் பிறகு வந்தவர்களும் விளக்கினார்கள். காலின் ஆழத்தில் ஓடும் பெரிய தமனிகளிலிருந்து சிறு கிளைகள் தசைகளுக்கு இடையிலுள்ள தடுப்புச் சவ்வுகளின் வழியாக மேலே ஏறி வருகின்றன. வந்ததும் நேராகத் தோலுக்குள் போய்விடுவதில்லை. ஃபேசியாவின் மேலேயே படர்ந்து ஒன்றோடொன்று கைகோத்து வலை பின்னுகின்றன. சவ்வை விட்டுவிட்டுத் தோலை மட்டும் தூக்கியவர்கள், ரத்தம் கொண்டுவரும் வலையையே அறுத்துப் போட்டுவிட்டு, கால் கஞ்சத்தனமானது என்று குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1984-இல் கேம்பிரிட்ஜின் கார்மாக்கும் லாம்பர்ட்டியும் இந்த மடல்களை வகைப்படுத்திப் பட்டியல் போட்டார்கள். மருத்துவ மாணவர்கள் இன்றும் அதைப் பரீட்சைக்கு உருப்போடுகிறார்கள்.

பொன்டேனின் மடலுக்கு ஒரு குறை உண்டு. அதன் அடி முழங்கால் பக்கம். நுனி கீழே. நடுக்கால் காயத்துக்கு அது பொருந்தும். குதிகால் காயத்துக்கு எட்டாது. அங்கே எட்ட வேண்டுமானால் மடலைத் தலைகீழாக்க வேண்டும். அடி கணுக்காலில், நுனி ஆடுசதையின் மேலே. ரத்தம் கீழிருந்து மேல்நோக்கிப் பாய வேண்டும். தமனிக்கு இது பிரச்சினையில்லை, அதற்கு வால்வு கிடையாது. சிரைகளுக்கு உண்டு. திரும்பிப் போகும் ரத்தம் வால்வுகளுக்கு எதிராகப் போயாக வேண்டும். எந்தச் சர்ஜனுக்கும் வயிற்றைக் கலக்கும் யோசனை இது.

1983-இல் டான்ஸ்கியும் ஃபோக்டெஸ்டாமும் ஸ்காண்டிநேவிய பிளாஸ்டிக் சர்ஜரி இதழில் இதைச் செய்து காட்டினார்கள். தலைப்பிலேயே ‘முதற்கட்ட அறிக்கை’ என்று அடக்கமாகப் போட்டிருந்தார்கள். அவர்கள் பிடித்த புள்ளி வெளிக்கணு எலும்புக்குச் சற்று மேலே. காலின் வெளிப்பக்கம் ஆழத்தில் ஓடும் பெரோனியல் தமனி அங்கே சில கிளைகளை மேலே அனுப்புகிறது. அவற்றை நம்பி மடலின் அடியை அங்கே வைத்தால் ஆடுசதைத் தோலைக் குதிகாலுக்குக் கொண்டுவரலாம் என்றார்கள். அதே காலகட்டத்தில் மும்பையில் ரவின் தத்தே வேறொரு துணிச்சலைச் செய்துகொண்டிருந்தார். காயத்தின் பக்கத்துத் தோலின் மேற்பரப்பைச் சீவிவிட்டு, உள்புறம் வெளியே தெரியும்படி அப்படியே புரட்டிக் காயத்தை மூடி, அதன் மேல் சீவிய தோலை ஒட்டினார். தேவை ஒன்றாக இருந்தால் தொடர்பே இல்லாத ஊர்களிலும் யோசனைகள் ஒரே நேரத்தில் பழுக்கும் போலிருக்கிறது.

டான்ஸ்கி கட்டுரை வந்தும் உலகம் உடனே பின்னால் ஓடவில்லை. அது நுண்ணோக்கியின் கீழ் குழாய் தைக்கும் மைக்ரோசர்ஜரியின் பொற்காலம். ஸ்லோவேனியத் தலைநகர் லியூப்லியானாவில் மார்க்கோ கோதினா என்ற மேதை, காயம்பட்ட முதல் 72 மணி நேரத்துக்குள் மைக்ரோசர்ஜரி மடல் வைத்துவிட வேண்டும் என்று 532 நோயாளிகளை வைத்து வாதாடிய கட்டுரை 1986-இல் வந்தது. அந்தக் காலக்கெடுவுக்குள் செய்தவற்றில் தோற்றது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. தாமதித்துச் செய்தவற்றில் பன்னிரண்டு. அதே ஆண்டில் கோதினா நாற்பதுகளின் தொடக்கத்திலேயே கார் விபத்தில் இறந்துபோனார். அந்த வெளிச்சத்தின் முன்னால் கணுக்காலில் தலைகீழாகத் தொங்கும் ஒரு மடல் யார் கண்ணில் படும்?

திருப்பம் 1992-இல் வந்தது. பாரிஸைச் சேர்ந்த அலென் மாஸ்க்லே இரண்டு சகாக்களோடு வெளியிட்ட கட்டுரை அது. அவர் தமனியை விட்டுவிட்டு நரம்பைப் பின்தொடர்ந்தார். காலில் தோலுக்கடியில் ஓடும் உணர்ச்சி நரம்பு ஒவ்வொன்றுக்கும் கூடவே ஒரு குட்டித் தமனி துணை போகிறது. நரம்புக்குச் சோறு போடும் தமனி என்றுதான் அதைப் பற்றி அதுவரை பேச்சு. சடலங்களில் சாயம் ஏற்றிப் பார்த்த மாஸ்க்லே, அது வழிநெடுகத் தோலுக்கும் கிளை விடுவதைக் காட்டினார். அப்படியானால் நரம்பையும் அதன் துணைத் தமனியையும் சுற்றியுள்ள கொழுப்போடும் ஃபேசியாவோடும் ஒரு பட்டையாக எடுத்தால், பட்டையின் முனையில் ஒரு தீவுத் தோலைத் தொங்கவிட்டுக் கொண்டுபோகலாம். அடியில் அகலமான தோல் பாலம் தேவையில்லை. ஆடுசதையின் பின்புறத்தில் இதற்கு வசதியாக சூரல் நரம்பு இருக்கிறது. பக்கத்திலேயே துணையாக ஒரு சிரையும் ஓடுகிறது.

அறுவை அரங்கில் இளைய டாக்டர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம், நரம்பைக் கண்டால் தொடாதே, ஒதுக்கி வை என்பது. மாஸ்க்லே அதையே வழிகாட்டிக் கயிறாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். இந்தத் தொடரில் இதுவரை பார்த்த கண்டுபிடிப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. வேறொன்றுக்குச் சொந்தம் என்று எல்லோரும் ஒதுக்கிய குழாயை எடுத்து வேலை வாங்கிய மூளை அது. இதே மாஸ்க்லே பின்னாளில் இடைவெளி விழுந்த எலும்பை வளர்க்கும் முறையால் இன்னும் பெரிய பெயர் பெற்றார். அது எலும்பு டாக்டர்களின் கதை, இங்கே வேண்டாம். 1994-இல் ஜப்பானின் ஹசெகாவா குழு தன் அனுபவத்தை வெளியிட்டபோது தலைப்பிலேயே சூரல் தமனியின் பெயரைச் சொன்னது. அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. வார்டில் இப்போது வெறும் ‘சூரல்’ என்றால் போதும்.

அந்த அறுவையைப் பக்கத்தில் நின்று பார்ப்போம். நோயாளி குப்புறப் படுத்திருக்கிறார், அல்லது ஒருக்களித்து. இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும் ஊசி. சர்ஜன் முதலில் பேனாவைக் கேட்கிறார். முழங்கால் மடிப்பின் நடுவிலிருந்து, குதிகால் நாணுக்கும் வெளிக்கணுவுக்கும் இடையில் உள்ள பள்ளம் வரைக்கும் ஒரு கோடு. நரம்பும் சிரையும் ஏறக்குறைய அந்தக் கோட்டில்தான். வெளிக்கணுவிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் மேலே ஒரு புள்ளி. டாப்ளர் கருவியை அங்கே வைத்தால் ‘உஷ், உஷ்’ என்று ரத்தம் பாயும் சத்தம் கேட்கும். மடல் சுழலப்போகும் அச்சு அந்தப் புள்ளி. அதற்குக் கீழே கத்தி போகக்கூடாது.

இனி அளவு. காயத்தின் மேல் ஒரு துணித் துண்டை வைத்து அதே வடிவத்தில் வெட்டிக்கொள்கிறார். ஒரு காஸ் துணிப் பட்டையை எடுத்து ஒரு முனையை அச்சுப்புள்ளியில் அழுத்திப் பிடித்து, மறுமுனையைக் காயத்தின் கடைசி ஓரம் வரை நீட்டுகிறார். பிறகு அச்சில் பிடித்த விரலை எடுக்காமல் பட்டையை மேலே ஆடுசதைப் பக்கம் திருப்பிப் போடுகிறார். முனை எங்கே விழுகிறதோ அங்கே துணி வடிவத்தை வைத்து வரைகிறார். கொஞ்சம் தாராளமாக வரைவார்கள். திரும்பும்போது பட்டை நீளத்தில் கொஞ்சத்தை விழுங்கிவிடும். இந்தக் கணக்கில் கருமித்தனம் காட்டியவர்கள் தையல் போடும்போது தோலை இழுத்து இழுத்துப் பார்த்து வியர்த்திருக்கிறார்கள்.

முதல் வெட்டு மேல் ஓரத்தில். தோல், கொழுப்பு, ஃபேசியா. சிரையும் நரம்பும் கண்ணுக்குப் படுகின்றன. நரம்பு வெள்ளை நூல் போலப் பளிச்சென்று இருக்கும். காலில் மேலே போகப்போக அது ஃபேசியாவுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும், அங்கே கவனம் வேண்டும். சிரையைக் கட்டி அறுக்கிறார். நரம்பையும் அறுக்கிறார். அந்த நிமிடத்திலிருந்து பாதத்தின் வெளி ஓரத்தில் உணர்ச்சி போய்விடும். பிறகு மடலைக் கீழ்நோக்கி உரித்து எடுக்க வேண்டும். ஃபேசியாவைத் தோலின் ஓரத்தோடு அங்கங்கே ஒரு தையல் போட்டுப் பிடித்துக்கொள்கிறார். இல்லாவிட்டால் இரண்டும் வழுக்கி இடையில் உள்ள மெல்லிய குழாய்கள் அறுந்துவிடும். தீவுத் தோலுக்குக் கீழே தோலை மட்டும் இருபுறமும் விரித்துவிட்டு, அடியில் உள்ள கொழுப்பையும் ஃபேசியாவையும் மூன்று நான்கு சென்டிமீட்டர் அகலப் பட்டையாக அச்சுப்புள்ளி வரைக்கும் எடுத்து வருகிறார்.

ரத்த ஓட்டத்தை நிறுத்தத் தொடையில் இறுக்கியிருந்த டூர்னிக்கே பட்டையைத் தளர்த்துகிறார்கள். எல்லோரும் மடலின் ஓரத்தையே பார்க்கிறார்கள். சில நிமிடங்களில் ஓரத்தில் சிவந்த ரத்தம் கசிய வேண்டும். கசிந்தது. இனி மடலைத் திருப்பிக் காயத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இடையிலுள்ள தோலுக்கடியில் சுரங்கம் போட்டு இழுத்துச் செல்வது பழைய பழக்கம். பார்க்க அழகு, ஆனால் வீக்கம் வந்தால் சுரங்கமே பட்டையின் கழுத்தை நெரிக்கும். இப்போது பலரும் இடையிலுள்ள தோலைத் திறந்தே விட்டு, பட்டையின் மேல் சீவிய தோலை ஒட்டிவிடுகிறார்கள். ஆடுசதையில் எடுத்த இடம் சின்னதென்றால் தையல், பெரிதென்றால் தொடையிலிருந்து சீவிய தோல். நுண்ணோக்கி கிடையாது, பெரிய தமனி எதையும் பலி கொடுக்கவில்லை, காயத்துக்கும் மடலுக்கும் ஒரே கால். அதனால்தான் ஜில்லா ஆஸ்பத்திரிகளிலும் இதைத் துணிந்து செய்யத் தொடங்கினார்கள்.

வலியெல்லாம் அதற்குப் பிறகுதான். குதிகாலில் வைத்த மடலின் மேல் நோயாளி படுத்துக்கொண்டால் அது நசுங்கிச் செத்துவிடும். காலைத் தூக்கி நிறுத்தி வைக்க வேண்டும். எலும்பு முறிவுக்கு வெளியே கம்பிச் சட்டம் மாட்டியிருந்தால் அதையே கட்டில் கம்பியோடு கட்டித் தூக்கிவிடுவார்கள். நர்ஸ் மணிக்கொரு தடவை விரலால் அழுத்திப் பார்ப்பார். அழுத்திய இடம் வெளுத்து, விரலை எடுத்ததும் நிதானமாகச் சிவந்தால் நலம். வெளிறியே இருந்தால் தமனியில் கோளாறு, அது இந்த மடலில் குறைவு. கருநீலமாகி, அழுத்திய இடம் சட்டென்று நிரம்பினால் சிரை அடைப்பு. ஊசியால் குத்தினால் கருத்த ரத்தம் வரும். 1983-இல் பயந்த அதே வால்வுப் பிரச்சினை.

சூரல் மடல் எளிது என்ற பெயர் வேகமாகப் பரவியது. 1997-இல் தைவானின் ஜெங்கும் ஃபூ-சான் வேயும் தங்கள் அனுபவத்தை எழுதினார்கள். வே மைக்ரோசர்ஜரியில் உலகப் புகழ் பெற்றவர். அவரே இதைக் கையில் எடுத்ததும் மற்றவர்களின் தயக்கம் போய்விட்டது. துருக்கி, பாகிஸ்தான், இந்தியா, பிரேசில் என்று கட்டுரைகள் குவிந்தன. பலவற்றில் வெற்றி தொண்ணூறைத் தாண்டியது. 2003-இல் ஜெர்மனியிலிருந்து பௌமைஸ்டர் குழு ஒரு கட்டுரை போட்டது. 70 சூரல் மடல்களில் சிக்கல்களை ‘யதார்த்தமாக’ ஆராய்கிறோம் என்று தலைப்பிலேயே கிண்டல் தொனித்தது. நோயாளிகள் பெரும்பாலும் பல வியாதிக்காரர்கள். 36 சதவீதத்தில் மடல் கொஞ்சமாகவோ முழுதாகவோ கருகியிருந்தது. சர்க்கரை நோய், கால் தமனி அடைப்பு, சிரை நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து பல மடங்கு.

2007-இல் ஃபோல்மார் குழு 50 கட்டுரைகளில் வந்த 720 மடல்களைத் தொகுத்துப் பார்த்தது. 82 சதவீதம் மடலில் எந்தச் சிக்கலும் இல்லாமல் ஆறியிருந்தன. எந்த எண்ணை நம்புவது என்று கேட்டால், இரண்டையும் என்பேன். பைக்கிலிருந்து விழுந்த இருபத்திரண்டு வயதுப் பையனின் காலும், பதினைந்து வருடமாகச் சர்க்கரை உள்ள அறுபத்தைந்து வயதுக்காரரின் காலும் ஒரே கால் அல்ல. எரிச்சலூட்டும் விஷயம் என்னவென்றால், மைக்ரோசர்ஜரி தாங்காது என்று ஒதுக்கப்படும் இரண்டாமவருக்குத்தான் ‘எளிதானது’ என்று சூரல் மடலை வைக்கிறோம். கோயம்புத்தூர் கங்கா ஆஸ்பத்திரி 2006-இல் வெளியிட்ட மதிப்பெண் முறை இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. கணைக்கால் திறந்த முறிவில் காலைக் காப்பாற்றலாமா என்று முடிவெடுக்க, அது தோல், எலும்பு, தசைக்கு மட்டும் எண் போடவில்லை. நோயாளியின் மற்ற வியாதிகளுக்கும் எண் போட்டது. கூட்டுத்தொகை 14-ஐத் தாண்டாவிட்டால் காலைக் காப்பாற்ற முனையலாம், 17-ஐத் தொட்டால் எடுத்துவிடுவதே நல்லது, இடையில் இருந்தால் ஆளைப் பார்த்து முடிவு.

சிரைப் பிரச்சினைக்குச் சர்ஜன்கள் பல கைவைத்தியம் கண்டுபிடித்தார்கள். பட்டையை அகலமாக எடுப்பது. மடலின் மேல்முனைச் சிரையைக் காயத்துக்குப் பக்கத்தில் வேறொரு சிரையோடு தைத்துவிடுவது, அதற்கு நுண்ணோக்கி வேண்டும் என்பதால் கதை கொஞ்சம் கெட்டுப்போகிறது. அட்டைப்பூச்சியைக் கடிக்கவிட்டுத் தேங்கிய ரத்தத்தை வடிப்பது. எல்லாவற்றிலும் நம்பகமானது பொறுமை. மடலை ஒரே நாளில் நகர்த்தாமல், ஓரங்களை வெட்டி மேல்முனைக் குழாய்களைக் கட்டிவிட்டு இருந்த இடத்திலேயே மறுபடி தைத்துவிட வேண்டும். ஒன்றிரண்டு வாரம் கழித்துத் தூக்கினால், அதற்குள் கீழிருந்து வரும் ரத்தத்தை நம்பி வாழ மடல் பழகியிருக்கும். பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியின் தாலியாகோசி கைத்தோலால் மூக்கு செய்தபோது கையாண்ட அதே உத்திதான். அவரைப் பற்றி இந்தத் தொடரின் தொடக்கத்தில் எழுதியிருந்தேன்.

பிழைத்த மடலுக்கும் விலை உண்டு. பாதத்தின் வெளி ஓரம் மரத்துப்போகும். பெரும்பாலோர் சில மாதங்களில் அதை மறந்துவிடுகிறார்கள். ஆடுசதையில் பள்ளமாக ஒரு தழும்பு நிரந்தரம். பெண்கள், முக்கியமாக இளம்பெண்கள், இதைப் பற்றிக் கேட்காமல் இருப்பதில்லை. சர்ஜனும் சொல்லாமல் இருக்கக்கூடாது. குதிகாலில் வந்து உட்கார்ந்த ஆடுசதைத் தோல் தடிமனாக இருப்பதால் செருப்பு வாருக்குள் அடங்காது. பிறகு ஒரு சின்ன ஆபரேஷனில் கொழுப்பைக் குறைக்க வேண்டியிருக்கும். உள்ளங்கால் தோலுக்கு இருக்கும் கெட்டியும் உணர்ச்சியும் இந்தத் தோலுக்கு வராது. ஆணி குத்தினால் தெரியாது. சர்க்கரை நோயாளிகளுக்குக் காலைத் தினம் கண்ணாடியில் பார்க்கச் சொல்லி அனுப்புவது அதனால்தான்.

அதற்குள் இன்னொரு கேள்வி கிளம்பியிருந்தது. மடலைக் காப்பாற்றுவது வெளிக்கணுவுக்கு மேலே டாப்ளரில் ‘உஷ்’ என்று கேட்ட அந்த ஒரு கிளைதான் என்றால், நரம்பை எதற்காக அறுக்க வேண்டும்? பட்டையே எதற்கு? அந்த ஒற்றைக் கிளையை மட்டும் நம்பித் தோலை முழுவதும் விடுவித்துக் கடிகார முள்ளாகச் சுழற்றிவிட்டால்? 1989-இல் ஜப்பானில் இசாவோ கோஷிமா மெல்லிய குழாய்களை நம்பி வேறோர் இடத்தில் அதற்கு விடை தேடத் தொடங்கியிருந்தார். அது அடுத்த இதழில்.

(தொடரும்)